முகப்பு வரைக்கும்

மூணு வருஷமா ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன்னு இங்கயே ரெண்டு தடவ பீத்தியிருக்கேன், அப்புறம் சத்தத்தையே காணோமேன்னு கேட்டவங்களுக்காக இந்தப் போஸ்ட். முடியல. பாதி காரணம் சோம்பேறித்தனம், மீதிப் பாதி எங்க ஆயா.

ஆயான்னா எங்க செட்டிநாட்டுப் பக்கம் அம்மாவைப் பெத்தவங்க. அப்பாவைப் பெத்தவங்க அப்பத்தா. காலேஜ் ஹாஸ்டல்ல "எங்க ஆயா வந்திருக்காக"ன்னு சொன்னா கூட இருக்கிற பிள்ளைங்க எல்லாம் வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சுக்கும், விளக்கிச் சொல்லியே எனக்கு வாய் வலிச்சிருக்கு. இந்த ஆயாவுக்கு இப்ப எம்பத்தெட்டு. காது பாம்புக் காது. கண்ணு ஆபரேஷன் பண்ணியும் சின்ன எழுத்து தெரியாது, அதனால நான் எழுதினத மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வளவுல (வீட்டுக்கு நடுவுல இருக்கிற முற்றம்) உக்காந்து வாசிச்சுக் காட்டுவேன், அவுக வெத்தலை இடிச்சுக்கிட்டே கேப்பாக, புடிக்காத எடம் வந்தா இடிக்கிற சத்தம் நிக்கும்.

என் மக ஒன்பதாவது படிக்கிறா. தமிழ்ல படின்னு குடுத்தா ஒண்ணு காக்கா நரி கதை, இல்லன்னா நாப்பது வயசு ஆளுங்க குடும்பச் சண்டை, நடுவுல எனக்குன்னு என்னம்மா இருக்குன்னு கேட்டா, கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு. அவ படிக்கிற இங்கிலீஷ் புத்தகத்துல எல்லாம் எங்கயோ ஒரு சண்டை நடக்கும், அந்த ஊருக்கு ஆகாத ஒரு பையன், அந்தப் பையன் வீட்டுக்கு ஆகாத ஒரு பொண்ணு, ரெண்டுக்கும் பதினாறு பதினேழு வயசு, இவ ராத்திரி பதினோரு மணிக்கு மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்திருப்பா. ஒரு நாள் "நம்ம ஊருல இப்படி எதுவுமே நடக்கலயா, நம்மல்லாம் சும்மா பணியாரம் சுட்டுக்கிட்டே இருந்தோமா"ன்னு கேட்டா பாருங்க, அன்னைக்கு ஆரம்பிச்சது.

சரித்திர நாவல்னதும் வீட்டுக்காரர் "எந்த ராஜா காலம்"னார். ராஜா இல்லைங்க. குதிரை இல்ல, ஒற்றன் இல்ல, சுரங்கப்பாதை இல்ல. எங்க ஊருல சரித்திரம்னா பேரேடு, பெட்டியடி, கப்பல் டிக்கெட்டு. பெட்டியடின்னா கடையில மேசைக்குப் பதிலா முன்னாடி ஒரு சாய்வு மரப்பெட்டிய வச்சுக்கிட்டு சம்மணம் போட்டு உக்காந்து கணக்கு எழுதுற எடம். பதிமூணு பதினாலு வயசுப் பயலுகள பெட்டியடிப் பையன்னு வேலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, கூட்டிப் பெருக்கி, தண்ணி எடுத்து வச்சு, கணக்கப் பாத்துப் பாத்து எழுதி, அப்படியே அடுத்தாளாகி, ஒரு நாள் மொதலாளிக்காக கடைய நடத்துற ஏஜெண்டும் ஆவான். ஏஜெண்டுக்கு மூணு வருஷக் கணக்கு. பொண்டாட்டி ஊருலதான் இருக்கணும். பர்மா, மலாயா, சிலோன், சைகோன், எங்க போனாலும் இதே ஏற்பாடு.

என் பையன் பேரு வயிரவன். 1936ல பதினாலு வயசுல மெட்ராஸ்ல கப்பல் ஏறி பர்மாவுல பெகுங்கிற ஊருல ஒரு வட்டிக்கடைக்குப் போறான். பொண்ணு பேரு மா மியா. அவ தாத்தாவுக்கு நெல்லு வயலு, கடைக்கு வட்டி கட்டணும், தாத்தாவால நடக்க முடியாது, அதனால இவ வந்து பணத்த எண்ணி வச்சுட்டுப் போவா. அவன் தமிழ்ல எண்ணுவான், அவ பர்மிய பாஷையில எண்ணுவா, ஒருத்தருக்கொருத்தர் நம்பாம ரெண்டு தடவ எண்ணுவாங்க. காதல் அங்கதான் ஆரம்பிக்குது. என் மகளுக்கு இது ரொம்பப் புடிச்சிருச்சு. எனக்கு இது கற்பனையில வந்ததில்ல, உண்மையச் சொல்லிடுறேன்.

ஆயாவோட அப்பச்சி, அதாவது அவுக அப்பா, பர்மாவுல இருந்தவரு. அவர் ரூபா எண்ணும்போது மட்டும் "தித், நித், தோங், லே, ங்ஙா"ன்னு எண்ணுவாராம், சாகுற வரைக்கும். கணக்கு எழுதுறது தமிழ்ல, சாமி கும்பிடுறது தமிழ்ல, திட்டுறதும் தமிழ்ல, எண்றது மட்டும் பர்மியத்துல. அந்த ஊருல அத்தன வருஷம் வியாபாரம் பண்ணினா பாஷை வரத்தானே செய்யும்னு ஆயா சொல்லுவாக. சரிதான். ஆனா எண்ணிக்கை ஒரு ஆளுக்கு ஒட்டிக்கிறதுக்கு அந்தாளு கூட உக்காந்து யாரோ எண்ணியிருக்கணும்னு எனக்கு ஒரு நெனப்பு, அதுக்கு மேல கேக்க தைரியம் இல்ல, கதையா எழுதிட்டேன்.

பர்மா பத்தி எழுதணும்னா படிக்கணுமே. பல்லவன் ரயில்ல ஏறி சென்னை போயி தரமணியில ரோஜா முத்தையா நூலகத்துல நாலஞ்சு தடவ உக்காந்திருக்கேன். இதுல ஒரு வேடிக்கை, அந்த நூலகமே கோட்டையூர்ல முத்தையான்னு ஒருத்தர் வீடு நெறைய சேர்த்து வச்ச பழைய புத்தகம் பத்திரிகைதான், அவர் 1992ல இறந்தப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி முயற்சியில சென்னைக்குப் போச்சு. எங்க வீட்டுல இருந்து ஆட்டோவுல போற தூரத்துல இருந்த காகிதத்தப் பாக்க நான் ரயில் ஏறிப் போறேன்.

படிக்கப் படிக்க ஒண்ணு தெரிஞ்சுது. நான் நெனச்ச மாதிரி இது "பொல்லாத ஊரு, நல்ல காதல்" கதை இல்ல. பர்மாக்காரங்க இந்தியாக்காரங்கள "கலா"ன்னு கூப்பிடுவாங்க, பல நேரம் கேவலமாத்தான். (மகளுக்கு இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சா, எங்க நாத்தனார் பேரு கலா.) புத்தகத்துல அந்த வார்த்தையப் போடலாமா வேணாமான்னு ரெண்டு மாசம் யோசிச்சு, போட்டேன், ஏன்னா பசங்க கேக்காத வார்த்தையா, ஸ்கூல் பஸ்ல இதவிட மோசமா கேக்குறாங்க. ஆனா அந்த வார்த்தைக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னும் எழுதணும் இல்லயா.

பின்னாடி இருந்தது நம்ம பேரேடு. 1930ல உலகம் பூரா விலை சரிஞ்சப்ப நெல்லு விலையும் தரைக்கு வந்துருச்சு, வெவசாயியால அசலும் கட்ட முடியல, வட்டியும் கட்ட முடியல, அடமானம் வச்ச நிலம் எல்லாம் கடைக்காரங்க கைக்கு வந்துச்சு. பர்மாவுல முக்கியமான 13 நெல்லு மாவட்டங்கள்ல 1930ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 6 சதவீதம், 1937ல அது 25 சதவீதம். ஏழு வருஷத்துல. எங்க பெரியவங்க சொல்றது, நிலம் யாருக்கு வேணும், எங்களுக்குப் பணம்தான் வேணும், வாங்க ஆளில்லாம எங்க தலையில விழுந்துச்சுன்னு. அதுவும் பொய் இல்ல. ஆனா நிலத்தப் பறிகொடுத்தவன் வீட்டுல உக்காந்து பாத்தா இந்தக் கதை எப்படி இருக்கும்? வயிரவன் தன் கையெழுத்துல, அழகா, மா மியாவோட தாத்தா வயல கடை பேருக்கு மாத்தி எழுதுறான். அந்த அத்தியாயம்தான் நான் எழுதினதுலயே உருப்படியானது. அதுக்கப்புறம் அவ கடைக்கு வர்றதில்ல, வர்றதுக்கு காரணம் இல்லயே, கட்ட வட்டி இல்ல.

ரங்கூன் கதை தனி. 1931 சென்சஸ்ல அந்த ஊரு ஜனத்துல பாதிக்கு மேல இந்தியர்கள். சொந்த நாட்டுத் தலைநகரத்துல சொந்த நாட்டுக்காரன் பாதி கூட இல்லன்னா கசக்கத்தானே செய்யும். 1930 மே மாசம் துறைமுகத்துல தெலுங்குக் கூலிகள் ஸ்டிரைக் பண்ண, பதிலுக்கு பர்மாக்காரங்கள வேலைக்கு எடுத்து, ஸ்டிரைக் முடிஞ்சதும் அவங்கள வெளிய அனுப்ப, அங்க புடிச்ச தீ ஊரு பூரா பரவிச்சு. அடி வாங்கினவன் மூட்டை தூக்குறவன், மொகல் ஸ்ட்ரீட்ல பெட்டியடியில உக்காந்திருந்தவன் இல்ல. 1938 ஜூலையில மறுபடியும், அப்ப முஸ்லிம்கள்தான் அதிகமா அடிபட்டாங்க. வெறுப்புக்கு விலாசம் பாத்து அடிக்கத் தெரியாது போல, கைக்கு எட்டினவன அடிச்சிட்டுப் போயிருது.

இப்ப சட்டம் பத்தி, ஏன்னா இதுதான் என் கதைக்கு முதுகெலும்பு, எனக்கே தெரியாம இருந்துச்சு. வெளியூர் ஆம்பளைகளோட குடும்பம் நடத்துற பர்மிய பௌத்தப் பொண்ணுங்களுக்கு பொண்டாட்டிங்கிற உரிமையும் சொத்துல பங்கும் வேணும்னு 1939ல பர்மாவுல ஒரு சட்டம் போட்டாங்க. அந்த சட்டம் எதுக்கு தேவைப்பட்டிருக்கும்னு யோசிச்சா வயித்தப் பெரட்டுது, எத்தன பேரு மூணு வருஷம் குடும்பம் நடத்திட்டு கப்பல் ஏறியிருப்பான். சரி, அது முடிஞ்சு 1941ல இந்தியாவும் பர்மாவும் ஆளுங்க வந்து போறதுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. அதுல, இந்தியாவுல இருந்து வர்ற ஆம்பளை பர்மியப் பொண்ணக் கல்யாணம் பண்ணினாலோ சேந்து வாழ்ந்தாலோ பெர்மிட்ட ரத்து பண்ண அதையே காரணமா எடுத்துக்கலாம்னு ஒரு ஷரத்து. கல்யாணம் பண்ணினா ஊர விட்டுப் போகணும்.

சரி, ஊருக்கு வந்தா?

ஊருல கோயில் இருக்கே. நகரத்தாருக்கு, அதான் எங்க செட்டியார் சமூகத்துக்கு, ஒன்பது கோயில், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. கல்யாணம்னா அவங்கவங்க கோயில்ல இருந்து மாலை வரணும். மாலை வந்தாத்தான் அது கல்யாணம், அந்த ஜோடி கோயில் கணக்குல ஒரு புள்ளி. எங்க சமூகத்துல எத்தன தலைன்னு எண்ண மாட்டாங்க, எத்தன புள்ளின்னுதான் எண்ணுவாங்க, புள்ளி வரி அதுக்குத்தான். கல்யாணமாகாத பய புள்ளி இல்ல. ரெண்டு பேருல ஒருத்தர் போயிட்டா அரைப்புள்ளி. வெளியில கட்டினா கோயில்ல இருந்து மாலை வராது, மாலை வரலன்னா கணக்குல ஏறாது, அவ்வளவுதான், யாரும் யாரையும் அடிக்க வேணாம் திட்ட வேணாம். எழுதாம விட்டாப் போதும்.

நாவலுக்கு "புள்ளி"ன்னு பேரு வச்சது இதனாலதான்.

ஆனா ஊரே கும்மிருட்டுல கெடந்துச்சுன்னு எழுதினா அதுவும் பொய். எங்க காரைக்குடியிலயே 1930கள்ல விதவைக் கல்யாணத்துக்காகவே மாதர் மறுமணம்னு பேரு வச்சு ஒரு பத்திரிகை வந்திருக்கு. கடைத்தெருவுல சுயமரியாதைக் கூட்டம் போட்டிருக்காங்க. ஐயர் இல்லாம தாலி இல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க எல்லாம் அப்பயே உண்டு, அந்தக் கல்யாணமெல்லாம் செல்லும்னு இங்க சட்டம் வந்தது மட்டும் அண்ணாதுரை முதலமைச்சரா இருந்த 1967ல. அதனால வயிரவனுக்கு ஒரு சித்தப்பாவ வச்சேன், பத்திரிகை படிக்கிறவரு, மேடையில பேசுறவரு. பையன் பர்மாவுல இருந்து கடுதாசி போட்டதும் அவருதான் மொதல்ல பயப்படுறாரு. ஊருக்கு உபதேசம்.

இத்தனையும் எழுதி முடிச்சு, பெருமையா ஆயாவுக்கு வாசிச்சேன்.

புள்ளி வர்ற அத்தியாயத்துல இடிக்கிற சத்தம் நின்னுச்சு. "எழுது. ஆனா நம்ம கோயில் பேரப் போட்டுறாத"ன்னாக.

"கதைதானே ஆயா."

"கதைதான். கோயிலு நெசமுல்ல."

நான் விடல. உங்களுக்கு ஒரு கதை சொல்றேன்னு அவுக எனக்குச் சொன்ன கதையையே திருப்பிச் சொன்னேன். எங்க ஆளுங்க பரம்பரைக் கதை அது. காவிரிப்பூம்பட்டினத்துல இருந்தப்ப ராசா பண்ணின கொடுமை தாங்காம எல்லாரும் உயிர விட்டுட்டாக, 1502 ஆம்பளப் பிள்ளைக மட்டும் மிச்சம், அந்தப் பிள்ளைகள குருவே வளத்தாரு, வளந்த பிள்ளைகளுக்குக் கட்ட நம்ம சாதியில பொண்ணே கெடையாது, அதனால வெள்ளாளப் பொண்ணுகளக் கட்டுனாக. அதனாலதான் இன்னைக்கும் ஆம்பளைக்கு உபதேசம், அதாவது குரு தீட்சை, ஒரு மடம், பொம்பளைக்கு துலாவூர் மடம். ஆயாவே உபதேசம் எடுத்தது துலாவூர்லதான். "அப்ப நம்ம ஆதி ஆயா அத்தன பேரும் வெளியில இருந்து வந்தவகதானே, ஒருத்தி கூட உள்ள பொறந்தவ இல்லயே"ன்னு மடக்கிட்டதா நெனச்சு உக்காந்திருக்கேன்.

ஆயா வெத்தலைய வாயில போட்டு ரெண்டு மெல்லு மென்னுட்டு, "அது ராசா சொல்லி நடந்தது. உன் பயலுக்கு எந்த ராசா சொன்னாரு?"ன்னாக.

என்னத்தச் சொல்ல. அந்த வசனம் அப்படியே நாவல்ல வயிரவனோட அப்பத்தா வாயில ஏறிருச்சு. ஆயாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா காசு கேப்பாக.

அடுத்த அடி இன்னும் பலமா விழுந்துச்சு. மா மியா மழையில நனைஞ்சுக்கிட்டு கடை வாசல்ல காத்திருக்கிற ஒரு அத்தியாயம், வருணனை எல்லாம் போட்டு பிரமாதமா எழுதியிருக்கேன்னு எனக்கு ஒரு நெனப்பு, வாசிக்கும்போதே என் குரல் கொஞ்சம் தழுதழுத்துச்சுன்னு வச்சுக்கங்க. ஆயா முழுசும் கேட்டுட்டு சொன்னாக, "அந்தப் பிள்ளை பாவம்தான். ஒரு பொழுது மழையில நின்னுச்சு. எங்க ஆத்தா இந்த வீட்டுல எத்தன வருசம் நின்னாகன்னு நீ எழுதுனியா?"

ஆயா பொறந்தது 1937. பொறந்த மறு வருஷமே அப்பச்சி பர்மாவுக்குப் போயிட்டாரு. 1941 டிசம்பர் 23ந் தேதி ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான், 1942 மார்ச்சுல ரங்கூனே அவன் கைக்குப் போச்சு, பணக்காரன் கப்பல்ல ஏறினான், மத்தவன் நடந்தான், நாலு லட்சம் பேருக்கு மேல நடந்திருப்பாங்கன்னு கணக்கு சொல்றாங்க. அப்பச்சியும் நடந்தாரு. புரோம் வரைக்கும் வந்து, மலை தாண்டி டவுங்கப், அங்கிருந்து படகு, அக்யாப், சிட்டகாங், கல்கத்தா, ரயிலு. காலு ரெண்டும் தூணு மாதிரி வீங்கி வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப அஞ்சு வயசு ஆயா "ஆத்தா, யாரோ பிச்சைக்காரு வந்திருக்காக"ன்னு உள்ள ஓடினாகளாம். இதை என் கல்யாணத்துக்கு முன்னாடி சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காக, நானும் சிரிச்சிருக்கேன். அந்த நாலு வருஷம் அவுக ஆத்தா என்ன பண்ணிட்டு இருந்தாகன்னு ஒரு நாள் கூட கேட்டதில்ல.

என்ன பண்ணினாக? மாமியார் வீட்டுல தனிச் சமையல், எங்க பக்கம் கல்யாணமானதும் வேறு வச்சிருவாங்க, ஒரே வளவுக்குள்ள ஆளுக்கொரு அடுப்பு. ஒரு ஆளுக்கு சமைச்சு, ஒரு பிள்ளைய வளத்து, ஓலைக் கொட்டான் பின்னி, கடுதாசிக்குக் காத்திருந்து. அறுபது எழுபது ரூம் இருக்கிற வீட்டுல பொம்பளைகளுக்கு வளவும் அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டும். முகப்புப் பக்கம், அதாவது திண்ணை தாண்டின முன்கூடத்துல, ஆளு இருந்தா அங்க வர மாட்டாக. தலைக்கு மேல பர்மா தேக்கு, காலடியில பளிங்கு, ஆனா வாசப்படிக்கு வர ஒரு காரணம் வேணும்.

நான் எழுதின நாவல்ல வயிரவனுக்கு ஊருல ஒரு அயித்தை மக இருந்தா, பேரு மீனாள், சின்ன வயசுலயே பேசி வச்சது. மூணு இடத்துல வருவா. ஒரு தடவ அழுவா, ஒரு தடவ கோவப்படுவா, ஒரு தடவ விட்டுக் குடுப்பா. என்ன மாதிரி ஒரு சோம்பேறிப் பாத்திரம் பாருங்க. அவளையும் வெளிய நிக்க வச்சது நான்தானேன்னு அன்னைக்கு ராத்திரி உறைச்சுது. முழுசா 140 பக்கத்த தூக்கிட்டு மறுபடி எழுதினேன், இப்ப ஒரு அத்தியாயம் பெகுவுல, ஒரு அத்தியாயம் வளவுல. வயிரவன் கொஞ்சம் சின்னவனாயிட்டான். பரவால்ல, அவனுக்கு அது தேவைதான். மகளுக்கு மட்டும் கொஞ்சம் கோவம், "இப்ப நான் யாருக்காகம்மா அழறது"ன்னா.

நடைபயணம் எழுதினது பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். தமு வழியா இம்பால் வர்ற பாதையில வெள்ளக்காரங்களுக்கு ஒரு வழி, இந்தியாக்காரங்களுக்கு ஒரு வழின்னு பிரிச்சு விட்டதா அப்பவே பெரிய புகார் எழுந்துச்சு, வெள்ளைப் பாதை கருப்புப் பாதைன்னே பேராயிருச்சு. சோறு தண்ணி இருந்த பாதை எதுன்னு நான் சொல்ல வேணாம். காலராவுல, மலேரியாவுல, பசியில செத்தவங்க கணக்கு யாருகிட்டயும் சரியா இல்ல. வயிரவனும் மா மியாவும் அந்த வழியாத்தான் வர்றாங்க, ஒரு கேம்புல பேரு எழுதுறவன் இவளப் பாத்து "நீ எதுக்கும்மா ஓடுற, உன் நாடுதானே இது"ன்னு கேக்குறான். அவ பதில் சொல்ல நான் மூணு பக்கம் எழுதி, மூணு பக்கத்தையும் அடிச்சிட்டேன். இப்ப அவ பதில் சொல்றதில்ல, வரிசையில இருந்து நகர்றதுமில்ல.

ஒரு தப்பையும் ஒத்துக்கிடணும். 1964 வாக்குல பர்மாவுல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு நம்ம ஆளுங்கள அனுப்பினப்ப வந்தவங்க தமிழ்நாடு பூரா இருக்காங்க, இங்க காரைக்குடியிலயும் பர்மா காலனி இருக்கு. அந்தக் குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி ஸ்கூல்ல என் கூடப் படிச்சா. அவளுக்கு அழகான பேரு உண்டு, ஆனா அஞ்சாங்கிளாஸ்ல இருந்து பத்தாங்கிளாஸ் வரைக்கும் அவ எங்களுக்கு "பர்மா"தான். நானும்தான் கூப்பிட்டேன். அவ அப்பத்தா மொகத்துல மஞ்சளா ஏதோ தடவியிருப்பாக, தனக்கா, மரத்த ஒரசி எடுக்கிற சந்தனம் மாதிரி, நாங்க பின்னாடி நின்னு சிரிப்போம். மீனு ஊற வச்ச ஙாப்பி வாடை வருதுன்னு அவ டிபன் பாக்ஸப் பாத்து மூக்கப் பொத்தினதும் உண்டு, வீட்டுல நெத்திலிக் கருவாட்டுக் குழம்ப நக்கி நக்கித் தின்னுட்டு. அவ இப்ப எங்க இருக்கான்னு தெரியல. மா மியாவுக்கு அவ நடைய குடுத்திருக்கேன், கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சு நடப்பா.

இதுல கூத்து என்னன்னா எங்க கல்யாணப் பந்தியில மொத எலையில விழுறதே கவுனரிசி. கருப்பா செவப்பா பிசுபிசுன்னு, ராத்திரி ஊறப் போட்டு, காலையில வேக வச்சு, சீனியும் தேங்காயும் போட்டு. கவுனரிசி இல்லாத செட்டிநாட்டு விருந்து கெடையாது. அது பர்மா அரிசி. மேல பாத்தா தேக்கு பர்மா, மர பீரோல அடுக்கியிருக்கிற மரவை (அரக்குப் பூசின சாமான்) பர்மா, கல்யாண அரிசி பர்மா. எல்லாத்துக்கும் உள்ள வர வழி இருந்திருக்கு.

இப்ப கடைசி அத்தியாயத்துக்கு வந்து நிக்குது. 1942 மே மாசம், கத்திரி வெயிலு, வயிரவனும் மா மியாவும் வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. உள்ள இருந்து அவன் ஆத்தா, அப்பத்தா, மீனாள் மூணு பேரும் பாக்குறாங்க. இதுல நான் மாட்டிக்கிட்டேன். அவள எது வரைக்கும் உள்ள விடுவாங்க? திண்ணையா, முகப்பா, வளவா? படம் எடுக்கிறவங்கன்னா கதவச் சாத்திருவாங்க, இல்லன்னா ஆரத்தி எடுத்துருவாங்க, ரெண்டுமே நடந்திருக்காதுன்னு எனக்குத் தெரியுது, நடந்திருக்கக் கூடியது என்னன்னு தெரியல.

ஆயாகிட்டயே கேட்டேன். வெத்தலை இடிக்கிறத நிறுத்திட்டு ரொம்ப நேரம் யோசிச்சாக, நான் கதை கேக்குறேங்கிறதே மறந்து போச்சோ என்னமோ.

"வெரட்ட மாட்டாக. காலு வீங்கி வந்த பிள்ளைய யாரு வெரட்டுவா. முகப்பு வரைக்கும் வருவா."

"அப்புறம்?"

"வா, இருன்னு சொல்லுவாக. தண்ணி குடுப்பாக."

"எதுல?"

"மங்குலதான்."

மங்குன்னா எங்க பக்கம் எனாமல் சாமான். உள்ள பொழங்குறது வெள்ளி, பித்தளை, வெங்கலம். மங்குக் கப்பு வெளியாளுக்கு.

"குடிச்சப்புறம் அந்தக் கப்ப எங்க வைப்பாக ஆயா?"

"அங்கயேதான். கழுவி, திண்ணை மாடத்துல கவுத்து வைப்பாக. நாளைக்கும் வேணுமுல்ல." சொல்லிட்டு திரும்ப இடிக்க ஆரம்பிச்சுட்டாக. கொஞ்ச நேரம் கழிச்சு, "மோரா குடுக்கச் சொல்லு. வெயில்ல வந்திருக்கு"ன்னாக.

நாளைக்கும் வேணும்ல-ங்கிறத நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். அப்படியே எழுந்து தண்ணி குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். எங்க வீட்டுப் பின்கட்டு ஜன்னல்ல ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியா கவுத்தி இருக்கும், வாசல் தெளிக்க வர்ற அக்காவுக்குக் காப்பி ஊத்துறது. யாரு வச்சது, எப்ப வச்சது, நானா, அம்மாவா, தெரியல. பதினஞ்சு வருஷமா தினம் நான்தான் அதுல ஊத்துறேன். மங்கு கூட இல்ல, மத்த டம்ளர் வாங்கின அதே செட்டு.

மறுநாள் அந்த டம்ளர எடுத்து உள்ள இருக்கிற ஸ்டாண்டுல மத்ததோட சேர்த்து வச்சேன். அக்கா வந்து ஜன்னலப் பாத்துட்டு "எங்கத்தா என் கிளாசக் காணோம்"னு கேட்டாங்க. இது உள்ள இருக்குக்கா, எதுல வேணா குடிங்கன்னேன். "அதெல்லாம் வேணாம், என்னோடதுலயே ஊத்து"ன்னுட்டாங்க. ஸ்டாண்டுல பதினோரு டம்ளர் ஒரே மாதிரி இருக்கு, அவங்களுது எதுன்னு எனக்கு அடையாளம் தெரியல, அவங்க பாத்த ஒடனே எடுத்துட்டாங்க.

மா மியா மூணு வாரமா முகப்புலயே நிக்கிறா. மோரு குடிச்சுட்டா. கப்ப கையிலதான் வச்சிருக்கா.